கொசுறுக் காற்று

பாசூர் ரயில்வே கேட் இறங்கியது. முன்னால் போன செங்கல் டிராக்டர் நின்றது. அதன் பின்னால் சென்னியப்பன் காரை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தார், இழுத்த கையோடு ஒரு மூச்சையும் இழுத்தார், அப்போதுதான் மூக்கில் அது பட்டது. என்ன வாசனை இது என்று கண்டுபிடிக்க இன்னொரு மூச்சை நன்றாக ஆழமாக இழுத்தார். அதன் பிறகுதான் இழுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. புத்தி எப்போதும் மூக்குக்குப் பின்னால்தானே வருகிறது. இனிப்பாக இருந்தது. மல்லிகை இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண் தலையில் பந்தல் போட்ட மாதிரி மல்லிகை இருக்கிறது, அதை அவர் மூக்கு ஈரோட்டிலேயே அடையாளம் கண்டு ஓரமாக உட்கார வைத்துவிட்டது. பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து தூங்கும் மனைவி பூங்கொடியின் தலைவலித் தைலமும் இல்லை, அது காரமாக வரும். இது ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் துடைப்பார்களே அந்தச் சில்லிப்பும், கனிந்துபோன வாழைப்பழமும் சேர்ந்த மாதிரி ஒரு இனிப்பு, ஏசி ஓட்டையிலிருந்து நேராக அவர் மீசைக்கு வந்துகொண்டிருந்தது. கேஸ் என்று மனதுக்குள் ஒரு சொல் எழுந்தது. எழுந்ததை அவசரமாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நாலு வருஷமாக உரிமை கிடையாது. அதுவும் இன்றைக்குக் கிடையவே கிடையாது, ஏனென்றால் பின்னால் இருப்பது அக்கா சாந்தாமணியின் மகள் சிந்துஜா, அவளைப் பார்லரிலிருந்து மண்டபத்துக்கு முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் குளிரக் குளிரக் கொண்டுபோய் இறக்குவது தாய்மாமன் பொறுப்பு, அந்தப் பொறுப்பே கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அக்கா அதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே நிற்கும்போது பூங்கொடியைப் பார்த்துச் சொன்னாள்: "உன்ற புருசங்கிட்டச் சொல்லிரு. வாயத் தொறக்கக் கூடாது, கார்க் கண்ணாடியத் தொறக்கக் கூடாது. ரெண்டையும் சாத்திக்கிட்டுக் கொண்டாந்து எறக்குனாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்." நாலு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து சுற்றி வளைத்து வந்த முதல் வார்த்தை அது. அவருக்கு அது சர்க்கரைப் பொங்கலாக இனித்தது.

இனிப்பு. மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டது மனசு. சென்னியப்பனுக்குக் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, ஆனால் எதுவும் முழுசாகத் தெரியாது. தாள் கண்ணாடி மேல் கவிழ்வதற்கு முன்னால் ஒரு பார்வை, வெளியே வந்து விழும்போது ஒரு பார்வை, இப்படி இருபத்திரண்டு வருஷமாகப் படித்த படிப்பு. சொத்து வழக்குகளில் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டது வரைக்கும் தெரியும், தீர்ப்பு தெரியாது. சர்க்கரை வியாதி எப்படி வருகிறது என்று தெரியும், எப்படிப் போகும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது, அப்போது கரண்டு போய்விட்டது. போன மாசம் ஒரு பாலிடெக்னிக் பையன் கார் ஏசியில் போடும் வாயுக்களைப் பற்றி ஒரு புராஜெக்ட்டைக் கொண்டுவந்து மூன்று செட் கேட்டான். பழைய கார்களில் ஆர்-பன்னிரண்டு, அது ஆகாயத்தில் ஓசோனை ஓட்டை போட்டதால் ஊரைவிட்டு விலக்கி வைத்துவிட்டார்கள். அப்புறம் வந்தது ஆர்-நூற்று முப்பத்து நாலு ஏ, இன்றைக்கு ரோட்டில் பாதிக் காரில் ஓடுவது அதுதான், அதுவும் பூமியைச் சுட வைக்கிறதாம். இப்போது புதிதாக ஒன்று, ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலு வொய் எஃப், பெயரைக் கேட்டால் யாரோ காசு கொடுத்து வாங்கின கார் நம்பர் மாதிரி இருக்கிறது, விலையும் அப்படித்தான், லேசாகத் தீப்பிடிக்கவும் செய்யும். சில கடைகளில் அடுப்பு கேஸுக்குப் பங்காளி முறையான ஒன்றை அடைத்து அனுப்புகிறார்களாம், அது லேசாக எல்லாம் பிடிக்காது, பலமாகவே பிடிக்கும். இத்தனையும் எட்டாம் பக்கம் வரைக்கும். ஒன்பதாம் பக்கத்துக்குத் தலைப்பு 'சுவாசித்தால் ஏற்படும் அபாயங்கள்', அதை அவர் மிஷினை நிறுத்திவிட்டு நின்று படித்தார். பத்தாம் பக்கத்துக்குத் தலைப்பு 'உடனடியாகச் செய்ய வேண்டியவை'. அதைப் படிக்கப் போகும்போது வக்கீல் குமாஸ்தா வந்து வில்லங்கச் சான்றிதழை நீட்டி, ஐயா கூப்பிடுவதற்குள் வேண்டும் என்று நின்றான். வில்லங்கம் என்பது இதுதான் என்று இப்போது சென்னியப்பனுக்குப் பட்டது.

ஒன்பதாம் பக்கம் வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம், கீழே தங்கும். சிறிய மூடிய இடத்தில் கசிந்தால் மூச்சுக்காற்றை நெட்டித் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். கீழே தங்கும் என்றதும் சென்னியப்பன் இடது காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், பிறகு மூக்கு காலில் இல்லையே என்று கீழே வைத்தார். தலைசுற்றல், மயக்கம், தூக்கம். தூக்கம்! பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, உள்ளே தங்கப் பல் தெரிய, உலகத்தின் நன்மை தீமைகளிலிருந்து ராஜினாமா செய்தவள் மாதிரி கிடந்தாள். ஆனால் பூங்கொடி காரில் ஏறி சீட் பெல்ட் போடும் முன்பே தூங்குகிறவள், ஊட்டி மலைக்குப் போய்விட்டு வந்து ஊட்டி எப்படி இருந்தது என்று அவரையே கேட்டவள், அவளை வைத்து எதை முடிவு செய்வது. மற்றவர்களுக்குத் தூக்கம் ஒரு அறிகுறி, இவளுக்கு அது சுபாவம். அடுத்தது பேச்சுக் குழறல், அடுத்தது காரணமில்லாத சிரிப்பு, அடுத்ததுதான் அவரைக் கொக்கி போட்டு இழுத்தது: இந்த வாயுவை அதிகம் சுவாசித்தவர்கள் பயப்படவோ பதறவோ கூடாது, பயந்தால் உடம்பில் ஒரு சுரப்பு சுரக்கும், சுரந்தால் இருதயம் தாளம் தப்பும், தப்பினால் நிற்கவும் செய்யும். ஆக, பயப்படாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு எவன் பயப்படாமல் இருப்பான்? முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. சென்னியப்பன் பயப்படாமல் இருக்க முயன்றார். தான் பயப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளக் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அது அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு என்றால் அடிக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார், ஆனால் இந்த அடி கொஞ்சம் அவசரத்தில் இருக்கிற ஆளின் அடி மாதிரி இருந்தது. பயந்துவிட்டோமோ என்று பயம் வந்தது. சரி, குலதெய்வத்தை நினைப்போம் என்று கண்ணை மூடினால், கோயிலுக்கு வருஷா வருஷம் போடும் வரியை இந்த வருஷம் தள்ளிப்போட்டது ஞாபகத்துக்கு வந்து நெஞ்சு இன்னும் இரண்டு அடி கூடுதலாக அடித்தது.

கசிவது என்றால் எங்கே கசியும், ஏன் கசியும்? அது அவருக்கு நன்றாகவே தெரியும், தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் கேஸ் போட்டது. கல்யாணப் பெண் ஏறுகிற வண்டி, குளிர் எலும்பில் இறங்க வேண்டும் என்று மெக்கானிக் ரத்தினவேலுவிடம் கொண்டுபோய் விட்டார். அவன் குழாயை மாட்டி, முள்ளைப் பார்த்து, அளவு ஆயிருச்சுங்க என்று குழாயைக் கழற்றப் போனான். இருப்பா, அப்படியே கொஞ்சம் கொசுறு போட்டு விடு என்றார் சென்னியப்பன். ரத்தினவேலு புரியாமல் பார்த்தான். "ஏனுங்ணா, இதென்ன கறிவேப்பலைங்களா கொசுறு போடறதுக்கு? அளவுக்கு மேல போனா உள்ள பிரஷர் ஏறிக்கும். பழைய வண்டி வேற." சென்னியப்பன் விடவில்லை. பாலுக்குக் கொசுறு உண்டு, பூவுக்குக் கொசுறு உண்டு, ஜவுளிக் கடையில் மஞ்சப்பை உண்டு, அவர் கடையிலேயே நூறு காப்பி எடுத்தால் இரண்டு காப்பி சேர்ந்து விழும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும் தராசு முள் நேராக நிற்கும்போது வாங்கிக்கொண்டு வந்த சரித்திரம் அவர் வம்சத்தில் இல்லை. "தாய்மாமன் வண்டியப்பா, ஒரு அமுக்கு அமுக்கி விடு" என்று தோளில் தட்டினார். அவனும், உங்க வண்டி உங்க இஷ்டம் என்று ஒரு அமுக்கு அமுக்கிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் சில்லிப்பு அப்படி இருந்தது, அவர் போய் ரத்தினவேலுவை ஜெயித்துவிட்டு வந்த மாதிரி சீட்டியடித்துக்கொண்டு வந்தார். இப்போது அந்த ஒரு அமுக்குதான் எங்கேயோ ஒரு இணைப்பைப் பிளந்துகொண்டு சாவகாசமாக உள்ளே வந்து, கொசுறு கேட்ட வீடு இதுதானா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது.

கண்ணாடியை இறக்கிவிடலாம். கை கதவுப் பக்கம் போனது. போன கை பட்டனுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. ஏனென்றால் முட்டைக்கோசு. அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வாசனை வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவர் சிலிண்டர் பாதுகாப்பு நோட்டீஸ் ஐந்நூறு காப்பி எடுத்திருந்தார், அழுகின நாற்றம் வந்தால் உடனே அடுப்பை அணைத்து ஆட்களை வெளியேற்றவும் என்று முதல் பக்கத்தில் இருந்தது. சமையல் பந்தலுக்குப் பின்னால் அந்த நாற்றம் வந்தது. ஓடுங்க, கேஸு, எல்லாரும் ஓடுங்க என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வேலி தாண்டினார். சோற்று அண்டாவுக்கு அடியில் எரிந்த அடுப்பில் அவர் கையாலேயே இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினார். அறுநூறு பேருக்கு அரை வேக்காட்டுச் சோறு. பிறகு பார்த்தால் கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை, பொரியலுக்கு அண்டா நிறைய முட்டைக்கோசு வெந்துகொண்டிருந்திருக்கிறது. மூடியைத் திறந்து காட்டினான் சமையல்காரன். மொய் எழுதிவிட்டுப் பசியோடு போன சனம் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனது, அக்கா அந்த ஈர அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சொந்தக்காரப் பொடிசுகள் அவருக்கு முட்டைக்கோசு மாமன் என்று பெயர் வைத்தன. பெயர்கூடப் பரவாயில்லை. தீபாவளிக்கு அக்கா வீட்டிலிருந்து முறுக்குத் தூக்கு வருவது நின்றுபோனது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அம்மா போன பிறகு அவரைத் திட்டுவதற்கு என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒருத்திதான். இன்றைக்கு இரண்டாவது தடவையாக கேஸ் என்று கத்தி, கண்ணாடியைத் திறந்து, கத்திரி வெயிலையும் செங்கல் தூசியையும் அந்தப் பெண் முகத்தில் அப்பி, அப்புறம் அது வாழைப்பழ வாசனைதான் என்று ஆனால், அவ்வளவுதான். அக்கா வீட்டு வாசல் அவருக்கு இனி இழவுக்கு மட்டும்தான் திறக்கும்.

ஏசியை மட்டும் அணைத்துவிட்டால்? அணைத்தார். எதிர் வெயில் கண்ணாடியில் கொட்டியது, இரண்டே நிமிஷத்தில் கார் இட்லிக் குண்டானாக ஆகிவிடும் போல இருந்தது, பின்கண்ணாடியில் பார்த்தால் சிந்துஜாவின் நெற்றிச்சுட்டிக்குக் கீழே ஏதோ மினுங்கியது, வேர்வையா ஜிகினாவா தெரியவில்லை, பயந்துபோய் மறுபடி போட்டார். வெளிக்காற்றை உள்ளே விடும் திருகு ஒன்று உண்டு, அது முந்தின சொந்தக்காரர் காலத்திலேயே இறுகிப்போனது. இறங்கி நின்றுகொள்ளலாம் என்றால், பட்டும் நகையும் ஒட்டியாணமுமாக இருக்கிற பெண்ணை ரயில்வே கேட்டில் காத்து நிற்கும் ஆடுகளுக்கு நடுவில் இறக்கி நிறுத்துவதா? ரயிலைக் காணோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிழலில் ஒருவன் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு காற்று அவனுக்கு, அத்தனையும் அவன் ஒருவனுக்கு, எந்தக் கணக்கும் இல்லாமல் மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டு! சென்னியப்பனுக்கு அவன் மேல் கோபமே வந்தது. தலை லேசாக இருக்கிறதா? இருக்கிறது. காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டது, அதனாலும் இருக்கலாம். குழப்பமும் ஒரு அறிகுறி. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தார். பதினேழு நாலு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஐயையோ என்று ஒரு கணம் ஆகிவிட்டது, அப்புறம் ஐந்தாம் வகுப்பிலும் அதற்கு மேல் வரவில்லை, அதற்காகத்தான் முட்டி போட்டது என்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் பின்னால் ஏன் இவ்வளவு அமைதி? ஒரு கல்யாணப் பெண் இவ்வளவு நேரம் போனைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருப்பாளா?

"கண்ணு" என்றார் சென்னியப்பன், குரலில் எதுவும் தெரியாதபடி. "அம்மிணி, சௌகரியமா இருக்கறயா?"

"ங்ஆங்ஆ" என்றாள் சிந்துஜா. "கேட்டு எக்கத் தொறக்கும்?"

பேச்சுக் குழறல். சென்னியப்பனின் முதுகுத்தண்டில் ஏசி இல்லாத ஒரு குளிர் இறங்கியது. பிறகு பார்லர் அம்மாள் வாசலில் நின்று சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது: போட்டோ எடுத்து முடியும் வரைக்கும் சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, பேச வேண்டுமென்றால் உதடு சேராமல் பேச வேண்டும், சேர்ந்தால் கலர் இழுகிவிடும், கன்னத்தில் வெடிப்பு விழுந்துவிடும். அதனால்தான் மாமா ங்ஆங்ஆ ஆனது. அதனால்தானா? ஒன்பதாம் பக்கமும் பார்லர் அம்மாளும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தூக்கத்தைப் பார்த்தால் அது பூங்கொடியின் சுபாவம், குழறலைப் பார்த்தால் அது மேக்கப், அவர் நெஞ்சடிப்பைப் பார்த்தால் அது அவருடைய கோழைத்தனம். எமன் வந்தாலும் வேறு ஏதாவது வேலையாக வந்தவன் மாதிரிதான் வருவான் போலிருக்கிறது. கடைசியாக ஒரு வழி தெரிந்தது. இருக்கிற நல்ல காற்றைப் பெண்ணுக்கு விட்டுவிட்டுத் தான் மூச்சு விடாமல் இருப்பது. தாய்மாமன் என்றால் சீர் தட்டு மட்டுமா, இதுவும்தான். இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினார். மனதுக்குள் எண்ணினார். கண் கொஞ்சம் பிதுங்கியது. ரயில் வருகிற வழியில் ஒரு காக்கை உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அக்கா சின்ன வயதில் வாய்க்காலில் அவரை மூச்சடக்கி முங்க வைத்து, மேலே வரும்போதெல்லாம் தலையைப் பிடித்து அமுக்கியது ஞாபகம் வந்தது, ஒருநாள் கொஞ்சம் அதிகம் அமுக்கிவிட்டு அவர் இருமுவதைப் பார்த்து அவளே வாய்விட்டு அழுதாள், வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதே சாமி என்று தன் தேன்மிட்டாயை எல்லாம் கொடுத்துவிட்டாள். எண்ணிக்கை விட்டுப்போனது. முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிக் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் அடைத்து வைத்திருந்த எல்லாம் உடைந்துகொண்டு வந்த மாதிரி சிந்துஜா சிரித்தாள், உதடு சேர்ந்து, கன்னம் மடிந்து, ஒட்டியாணம் குலுங்கக் குலுங்க.

காரணமில்லாத சிரிப்பு!

அதற்கு மேல் சென்னியப்பன் யோசிக்கவில்லை. முட்டைக்கோசு, அக்கா, அறுநூறு பேர், வேலி தாண்டிய கிழவர், எல்லாரும் எங்கேயோ போனார்கள். அடக்கிய மூச்சு கேஸு என்று ஒரே கத்தலாக வெளியே வந்தது, நாலு விரலும் நாலு பட்டன் மேல் விழுந்தது, நாலு கண்ணாடியும் ஒருசேர இறங்கியது. வெயில் உள்ளே வந்தது. செங்கல் தூசி வந்தது, டீசல் புகை வந்தது, ஆட்டு மூத்திர வாசனை வந்தது, நுங்குக்காரனின் சீட்டிச் சத்தம் வந்தது, இதற்கெல்லாம் பின்னால் இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்பது போல ரயிலும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் வாயாலும் மூக்காலும் அந்த அழுக்குக் காற்றைக் குடித்தார். இவ்வளவு ருசியான காற்றை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. திரும்பிப் பார்த்தால் சிந்துஜா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். ஈரோட்டில் மூன்று மணி நேரம் கட்டிய முகம் பாதி தூசியாகவும் பாதி வேர்வையாகவும் இறங்கி, கண்மை கன்னத்துக்கு வந்து, ஜிகினா கழுத்துக்கு வந்து, பார்க்கச் சகிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

"எதுக்கு கண்ணு சிரிச்ச?" என்றார் ஈனக் குரலில். "தல கிறுகிறுன்னு வருதா? மயக்கமா வருதா?"

"நீங்க கன்னத்த உப்பிக்கிட்டு உக்காந்திருந்தத கண்ணாடில பாத்தனுங் மாமா" என்றாள், இன்னும் சிரிப்பு அடங்காமல். அதைக் கேட்டதும் அவர் சீட்டுக்குள் அப்படியே சுருங்கிப்போனார். வாழைப்பழம்தான். இரண்டாவது முட்டைக்கோசு. ஆனால் அவள் சிரிப்பு நின்றது, நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா தல சுத்துறது நெசந்தானுங் மாமா. ஈரோடு தாண்டுனதுல இருந்து சுத்துது. ஏதோ இனிப்பு வாசமும் அடிச்சுது. வாந்தி வர்ற மாதிரியே இருந்துச்சு."

"அப்பறம் ஏஞ் சாமி சொல்லாம இருந்த?"

அவள் மடியில் விழுந்த ஜிகினாவைத் தட்டிவிட்டாள். "நாஞ் சொன்னா நீங்க பயந்துக்குவீங்க, கண்ணாடியத் தொறப்பீங்க. அப்பறம் அம்மா மறுபடி உங்ககூடப் பேசாமப் போயிரும். அதான், மண்டபம் போற வரைக்கும் தாங்கிக்கலாம்னு கம்முன்னு இருந்தேன்."

அப்போதுதான் பூங்கொடி விழித்தாள். நாலு கண்ணாடியும் திறந்திருப்பதைப் பார்த்தாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், இரண்டையும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு ஏசி ஓட்டையில் கையை நீட்டினாள். "ஏனுங்க, இதுல என்ன அனல் காத்து வருது?" என்றாள். சென்னியப்பனும் கையை வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து தீர்ந்துவிட்டது. ஆக நிஜம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நினைத்தது நிஜம், அவர் கத்தியது சரி. இப்படி ஒரு நாள் வந்தால் ஊரைக் கூட்டி வைத்து, பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தார். இப்போது கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பெண் தலைசுற்றலோடு, வாயைத் திறக்காமல், அவருக்காக அந்தக் காற்றை மூச்சு மூச்சாக விழுங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவரோ பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தன் மேலேயே அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கேட்ட கொசுறை நினைத்துத் தன் தொடையில் தானே ஓங்கி அறைந்துகொண்டார். ஏசியை அணைத்தார். ரயில் இன்னும் போய்க்கொண்டே இருந்தது, சரக்கு ரயில், பெட்டி முடிகிற வழியாக இல்லை.

பூங்கொடியின் போன் அடித்தது. அக்கா. பூங்கொடி தூக்கக் கலக்கத்தில் எதையோ அழுத்த, அக்காவின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "பூங்கொடி, எங்க வந்துட்டு இருக்கறீங்க? மாப்பள வீட்டுக்காரங்க வந்தாச்சு." உடனே குரல் ஏறியது. "அதென்ன ரயிலுச் சத்தம் காதப் பொளக்குது? கண்ணாடியத் தொறந்துட்டானா அவன்?"

சென்னியப்பன் சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலிருந்து வளையல் கை ஒன்று நீண்டு போனைப் பிடுங்கிக்கொண்டது.

"நாந்தாம்மா தொறந்தேன்" என்றாள் சிந்துஜா, உதடெல்லாம் நன்றாகச் சேர்த்து. "மாமா வேண்டாம்னுதான் சொன்னாரு. கார்ல கேஸு வந்துருச்சும்மா. நெசமாவே வந்துருச்சு. எனக்குத் தல சுத்துச்சு, தொறந்துட்டேன். மொகமெல்லாம் போயிருச்சு, வந்து கழுவிக்கறேன்."

அந்தப் பக்கம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது. சென்னியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஈர அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற அக்காவின் முகம்தான் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"உனக்கு இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கறேன்மா."

"போன அவங்கிட்டக் குடு."

சிந்துஜா போனை அவர் காதில் கொண்டுவந்து வைத்தாள்.

"சென்னி" என்றாள் அக்கா. நேராக அவரைக் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. "இருக்கறயா?"

"இருக்கறனுங்க்கா."

"உனக்கு ஒண்ணும் ஆகலயே? நீதான் முன்னாடி உக்காந்திருக்கற, உனக்குத்தான மொதல்ல அடிச்சிருக்கும்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா. பாப்பா மொகந்தான்…"

"மொகங் கெடக்குது, எரநூறு ரூவா பவுடரு. எதாவது குடிச்சயா? ரெண்டு பேரும் எதாவது வாங்கிக் குடிங்க." மேளச் சத்தத்துக்கு நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மெதுவா வா சாமி. மாப்பள வீட்டுக்காரங்க காத்துட்டு இருக்கட்டும்."

போன் அணைந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி எப்போது போனது என்று தெரியவில்லை, கேட் ஏறியிருந்தது, டிராக்டர் கிளம்பிப் போய்விட்டிருந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, அவனுக்குப் பின்னால் பஸ்காரனும் சேர்ந்துகொண்டான்.

"ஏனுங்க, எடுங்க வண்டிய" என்றாள் பூங்கொடி.

"கொஞ்சம் இரு" என்றார் சென்னியப்பன். "ரோடு தெரியமாட்டீங்குது."